நாடு நீங்கிய மகாராஜா

எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ராஜாக்களைப் பற்றி எழுத ஆசை. பதவியோடு இருக்கிற ராஜாக்களைப் பற்றி எழுதப் பயம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்தார். திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் செம்பாறை மகாராஜாவைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி என்னை அனுப்பினார். "பதவி போன ராஜா நம்மேல் கேஸ் போடமாட்டார். தைரியமாக எழுது" என்று முதுகில் தட்டினார். நான் அந்த வருஷம்தான் பி.ஏ. தேறி, கதர் கட்டி, எதைக் கண்டாலும் கட்டுரையாக்கிவிடுகிற வேகத்தில் இருந்தேன். தட்டின கை முதுகிலிருந்து எடுபடுமுன் கிளம்பிவிட்டேன்.

செம்பாறையைப் பூகோளப் புத்தகத்தில் தேடவேண்டாம். ஒரு குன்று, ஒரு குளம், சுற்றிச் சில கிராமம், நடுவே ஓர் அரண்மனை. சமஸ்தானம் சின்னதாகையால் பீரங்கி மரியாதை கிடையாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. மற்ற ராஜாக்களுக்கெல்லாம் வேட்டு, நமக்கு மட்டும் இல்லையா என்று மனம் புழுங்கிய மகாராஜா, தம் பிறந்த நாளன்று தாத்தா காலத்துப் பீரங்கியைக் குன்றின்மேல் ஏற்றித் தமக்குத் தாமே வெடித்துக்கொண்டார். உள்ளே குண்டு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது போய், அடிவாரத்தில் முகாம் போட்டிருந்த கலெக்டர் துரையின் சமையல் கூடாரத்தில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அடுப்பிலிருந்த வான்கோழி முன்பே இறந்துபோயிருந்தது. ஆனாலும் ராஜத்துரோகத்துக்கு ஒரு வான்கோழி போதும். மகாராஜாவை இறக்கிவிட்டார்கள். செம்பாறைக் குடிகளுக்கு வரி மாறவில்லை. ரசீதின் நிறம் மாறியதாகச் சொல்கிறார்கள்.

பிரிட்டிஷ் சீமையில் இருக்கக் கூடாது என்று உத்தரவானதால் மகாராஜா திருவிதாங்கூருக்குக் குடிவந்தார். இது உண்மையிலேயே வெளிநாடுதான். எல்லையில் பெட்டியைத் திறந்து புகையிலை இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறார்கள். காசு வேறு, தபால் வேறு. தபாலுக்கு இங்கே அஞ்சல் என்று அழகான தமிழ்ப் பெயர். நாமோ தமிழ் பேசும் ஊரில் உட்கார்ந்துகொண்டு போஸ்டாபீஸ் என்கிறோம்.

நான் தங்கினது பழவங்காடியில், நாஞ்சில் நாட்டுக்காரரான சிவதாணு பிள்ளையின் சாப்பாட்டு விடுதியில். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டேன். சிவப்பாக ஒன்று வந்தது. பாத்திரத்துத் துரு என்று திருப்பி அனுப்பினேன்.

"துரு இல்லவே, மரப்பட்டை போட்டுக் காச்சின வெள்ளம். குடியும். ஒம்ம ஊரு தண்ணியவிட இது ஒடம்புக்கு நல்லது" என்றார் பிள்ளை.

சோறும் சிவப்பு, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே சுதந்திரம் அடைந்திருந்தது. குழம்பில், பொரியலில், பப்படத்தில், கடைசியில் என் கைக்குட்டையில்கூடத் தேங்காயெண்ணெய் மணம். ஆனால் காலையில் புட்டும் கடலையும் வைத்தார்கள் பாருங்கள், அதற்காக இந்த ராஜ்யத்துக்கு விசுவாசப் பிரமாணமே செய்து கொடுக்கலாம்.

ராஜாவைப் பார்க்க வந்தேன் என்றதும் பிள்ளை எனக்கு வகுப்பு நடத்தினார். "இங்க ராஜாமாருக்குத் தனிப் பாஷையாக்கும். நீரும் நானும் குளிப்போம், ராஜாவுக்கு நீராட்டு. நீரும் நானும் ஒறங்குவோம், ராஜாவுக்குப் பள்ளிக்குறுப்பு. நீர் திங்கது சோறு, ராஜாவுக்கு அமிர்தேத்து. மாத்திச் சொன்னா மரியாதக் கொறவு, கேட்டேரா."

"செம்பாறை ராஜாவுக்கும் இதே பாஷைதானா?"

பிள்ளை சிரித்தார். "அவருக்கு யாரு சொல்லப் போறா? வடசேரிக்காரன் ஒருத்தன் 'ஓய் செம்பாறை'ன்னு கூப்புட்டத என் காதால கேட்டேன்."

அடுத்த நாள் 'அரண்மனை'க்குப் போனேன். பிள்ளையார் கோவிலுக்குப் பின்சந்தில் ஓட்டு வீடு. வாசலில் ஈட்டியோடு ஒருவர் நின்றார். மீசை மட்டும் ஒரு படைக்குச் சமம். தாம் செம்பாறைச் சேனாபதி என்றும், இப்போது தர்பார் நேரம் இல்லை, நாளைக்கு வா என்றும் சொன்னார். சொல்லும்போதே உள்ளேயிருந்து கருகல் வாசனை வந்தது. சேனாபதி ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டு அடுக்களைக்கு ஓடினார், சமையலும் அவர்தானாம்.

நான் சும்மா திரும்புகிற ஜாதியா? பக்கவாட்டில் சுற்றிக் கொல்லைப்புறம் போனேன். அங்கே ஓர் அம்மாள் உரலில் சுக்கும் திப்பிலியும் இடித்துக்கொண்டிருந்தார்.

"ராணியைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன்.

"பாத்துக்கிட்டுத்தானே நிக்கீங்க" என்றார்.

நான் தடுமாறி 'ராணியம்மா' என்று கும்பிட்டேன். "வெறும் அம்மான்னா போதும், தம்பி. ராணின்னு சொன்னா பக்கத்து வீட்டுல சிரிக்காக."

பிரசவ மருந்து இடிக்கிறாராம். ஒரே மகள் வள்ளியைச் செம்பாறையிலேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்; மாதம் நெருங்கிவிட்டது. "போன தடவ ஏழாம் மாசத்துல தவறிப்போச்சு. அப்பவும் பக்கத்துல நான் இல்ல. இந்த வாட்டியும் மருந்து மட்டுந்தான் போகும் போலிருக்கு" என்றார்.

ஏன் போகக்கூடாது என்று கேட்டேன். சர்க்கார் ஒரு சின்ன நிபந்தனை வைத்திருக்கிறது. மகாராஜா என்று கையெழுத்துப் போடுகிறவரையில் அவரோடு குடியிருக்கிற யாரும் செம்பாறை மண்ணை மிதிக்கக் கூடாது. முன்னாள் மகாராஜா என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் போதும், ராணி போகலாம், வரலாம்.

"ஒரு வார்த்தைதானே!" என்றேன்.

"ஒரு வார்த்தைதான்" என்று உலக்கையை ஓங்கிப் போட்டார்.

மூன்றாம் நாள் தர்பார். மகாராஜா ஒரு சாய்வு நாற்காலியில், ஜரிகைத் தலைப்பாகையும் பட்டு அங்கியுமாக அமர்ந்திருந்தார். அங்கி தோளில் கிழிந்து, தைத்து, தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தது. நான் உட்கார்ந்ததும் பக்கத்துக் கோவிலில் யாரோ தேங்காய் விடலை போட்டார்கள். படார் என்றது. மகாராஜா கண்ணை மூடித் தலையை லேசாகச் சாய்த்து ஏற்றுக்கொண்டார். மறுபடியும் படார், படார். அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கிடைக்காமல் போன பீரங்கி மரியாதை இந்த வீட்டில் தினம் கிடைக்கிறது. பரீட்சைக் காலத்தில் காலேஜ் பையன்கள் வந்து உடைக்கும்போது வைஸ்ராயையும் மிஞ்சிவிடுவாராம்.

"பத்திரிகைக்காரரே, நாம் இங்கே விருந்தாளியாக இருக்கிறோம் என்று எழுதும்" என்றார்.

"முன்னாள் என்ற ஒரு சொல்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீர் பி.ஏ.தானே? முன்னாள் பி.ஏ. என்று போட்டுக்கொள்வீரா?"

 கதவுக்குப் பின்னால் உலக்கைச் சத்தம் கொஞ்சம் பலத்தது.

அவருடைய பெரிய குறை வேறொன்று. திருவிதாங்கூர் ராஜா இருக்கிற கோட்டைக்குள்ளிருந்து வருகிற உத்தியோகஸ்தர்கள்கூட 'ராஜா சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறார்களாம். "அமிர்தேத்து என்று கேட்கக் கூடாதா? நாம் சாப்பிடுகிறவரா?" என்று வெகு நேரம் வருந்தினார். பிறகு சேனாபதி கொண்டுவந்த கருகின தோசையைச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சங்குமுகம் கடற்கரைக்கு வரும்படி எனக்கு உத்தரவாயிற்று. தினம் அங்கே கடற்படையைப் பார்வையிடுகிறாராம். ராத்திரி முழுக்கக் கட்டுரைக்கு நல்ல ஒரு தலைப்பு யோசித்தேன். 'நாடு நீங்கிய மகாராஜா'. எதுகை இல்லாவிட்டாலும் கம்பீரம் இருந்தது. வாய்விட்டுப் பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

காலையில் ஒரு குதிரைவண்டி பிடித்தேன். வண்டியில் முன்பக்கம் நான் ஏறினால் பின்பக்கம் தூக்கியது. பின்பக்கம் நகர்ந்தால் குதிரையையே தூக்கிற்று. ஒருவாறு சமநிலை கண்டதும் வண்டிக்காரர் எங்கே போகணும் என்றார். அவர் பேசினது மலையாளம், தமிழாக்கித் தருகிறேன்.

"சங்குமுகம். நாடு நீங்கிய மகாராஜா அங்கேதான் இருக்கிறார்" என்றேன் ஸ்பஷ்டமாக.

அவர் சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எந்த மகாராஜா?"

"செம்பாறை மகாராஜா."

"பழவங்காடியிலே இருந்தவரோ? நாடு நீங்கியாச்சோ? ஐயோ பாவம், தெரியாதே. என்ன ஆச்சு?"

"எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை" என்றேன், நெஞ்சு நிமிர்த்தி.

வண்டிக்காரர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கோட்டைக்குள்ளேயிருந்து ஆள் வந்ததோ?"

"ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லையாம்."

"சங்குமுகத்துக்குக் கூட யாரெல்லாம் போயிருக்கு?"

"ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோயிருப்பான், ஒரே ஒரு ரிக்‌ஷாக்காரன். வேறு யார் இருக்கிறார்கள்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடல் தெரிகிறதற்கு வெகு முன்பே வண்டியை நிறுத்திவிட்டார். இதற்குமேல் தான் வரக் கூடாது, திரும்பிப் போய்க் குளிக்க வேண்டும் என்றார். கூலியும் வேண்டாம் என்றார். என் கதர்ச் சட்டையைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டு, திருவிதாங்கூரின் தேசபக்தியை வியந்தபடி வெயிலில் நடந்தேன்.

என் மேதாவித்தனத்தின் பொருள் எனக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. இந்த ராஜ்யத்தில் ராஜா சாகமாட்டார். செத்தார் என்பது நமக்கு. ராஜாவுக்கு 'நாடு நீங்கி' என்பார்கள். சங்குமுகமோ ஊரார் வந்து பிதிர்க்கடன் செய்கிற கடற்கரை. அதாவது, செம்பாறை மகாராஜாவை வெள்ளைக்காரன் கொன்றுவிட்டான், பிரேதத்தை ரிக்‌ஷாவில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் அச்சுப் பிசகாமல் சொல்லியிருக்கிறேன்.

பிரேதம் கடற்கரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டுமரங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தது. வலையை உதறின ஒரு மீனவர், "இன்னிக்கு மத்தி இல்ல, தம்புரானே" என்றார். "கடற்படை மனம் தளர வேண்டாம்" என்றார் மகாராஜா. மீன்கூடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் அதை ஆரவாரமாக எடுத்துக்கொண்டார்.

திரும்புகையில் அவர் ரிக்‌ஷாவிலும் நான் பக்கத்தில் ஓட்டமுமாக வந்தோம். கோட்டையை நெருங்கியதும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண்பிள்ளை வீலென்று கத்திக் கதவைச் சாத்தினாள்.

"பார்த்தீரா, இன்று மக்களுக்கு என்ன பக்தி" என்றார் மகாராஜா.

வீட்டு வாசலில் சிவதாணு பிள்ளை சாமந்தி மாலையோடு நின்றார். ரிக்‌ஷாவைப் பார்த்ததும் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மகாராஜாவின் கழுத்திலேயே போட்டுவிட்டார். உள்ளேயிருந்து சேனாபதி வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வெறும் மைதானம்.

"மீசை எங்கே?" என்றார் மகாராஜா.

"மகாராஜா நாடு நீங்கினா எடுக்கணும்னு சொன்னாக. எடுத்துட்டேன்."

பிள்ளை தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னார். வண்டிக்காரர் கடைத்தெரு பூராவும் சொல்லிவிட்டு, கடைசியில் இந்த வீட்டு வாசலிலும் வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை சொல்லிக்கொண்டே போகப் போக என் காது சூடேறிற்று. மகாராஜா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்தது.

"நாடு நீங்கி என்றா சொன்னான்? செத்துப்போனதாகச் சொல்லவில்லையே?"

"இல்ல. நாடு நீங்கின்னுதான்."

"ஊர் முழுக்க அப்படியே சொல்லிற்றா? கோட்டை ராஜாவுக்குச் சொல்கிற மாதிரியே?" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடையடைத்தார்களா?"

பிள்ளை என்னைப் பார்த்தார். "அடைப்பாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு எப்பவும் அடைப்பாங்கல்லா."

மகாராஜா நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். சாலைக் கடைத்தெரு வழக்கம்போல் இரைந்தது. மிளகு மூட்டை இறங்கியது, வெற்றிலைக்காரி பேரம் பேசினாள். வாழைக்குலைக் கடையில் அவரே போய், "ஒரு மகாராஜா காலமானாராமே, கடை திறந்திருக்கிறதே?" என்று கேட்டார்.

கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "நம்முடைய ராஜா இல்லியே. பழம் என்ன வேணும்? ரசகதலியோ, ஏத்தனோ?"

 மகாராஜா பழம் வாங்கவில்லை. திரும்பும்போது கோவிலில் விடலை வெடித்துக்கொண்டே இருந்தது, அவர் எண்ணவில்லை.

வீட்டுக் கூடத்தில் ஒரு தகரப்பெட்டி கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ராணியம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே கட்டியது, இன்னும் அவிழ்க்கவில்லை.

மகாராஜா பெட்டியைப் பார்த்தார். "நம் செய்தி வந்ததும் யார் அழுதது?"

"நான் அழுதேன். அழுதுட்டுப் பெட்டியைக் கட்டினேன்."

"அவ்வளவு சீக்கிரமாகவா?"

"வள்ளிக்கு நாள் நிக்குமா?" ராணியம்மா சாதாரணமாகத்தான் பேசினார். "நீங்க செத்தாலும் நான் போகலாம். முன்னாள்னு எழுதினாலும் போகலாம். ரெண்டுல எது சௌகரியம்னு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இந்தப் பெட்டியை அவிழ்க்க மாட்டேன்."

 சேனாபதி, இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். மகாராஜா அவரைப் பார்த்து, "நாம் முன்னாள் என்றால் நீயும் முன்னாள்தான், தெரியுமா?" என்றார்.

"மீசையே போயிட்டு. இனி என்ன, மகாராஜா" என்றார் சேனாபதி.

மகாராஜா என் பக்கம் திரும்பினார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "பி.ஏ.காரரே, அந்தச் சொல்லுக்கு வேறு சொல்லே கிடையாதா?"

வாழ்நாளில் என் படிப்பு பிரயோஜனப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். "நாடு நீங்கிய மகாராஜா என்று எழுதுங்கள்" என்றேன். "தமிழில், நாட்டை விட்டு வந்தவர் என்றுதான் அர்த்தம். அது உண்மைதானே? இங்கே உள்ளவர்களுக்கோ அது ராஜாக்களுக்கு மட்டும் சொல்கிற சொல்."

அவர் அதை மெள்ளச் சொல்லிப் பார்த்தார். மைக்கூட்டைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்து மட்டும் காகிதத்தில் பாதியை அடைத்தது.

ஐந்தாம் நாள் நானே அதை, இங்கே சர்க்கார் பிரதிநிதியாக இருக்கிற ரெசிடெண்டு துரையின் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பிரதி எடுக்கிற குமாஸ்தா இந்த ஊர்க்காரர். கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். "நாடு நீங்கிய மகாராஜா. கையெழுத்து அவருடையதுதானோ?"

"ஆமாம்."

"எப்போ போட்டது?"

"நேற்று."

"போனதுக்கு அப்புறமோ?" என்றார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அதற்குள் கதை அவர் காதுக்கும் வந்திருக்க வேண்டும். மீசைக்குள் சிரித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். துரைக்குப் போகிற இங்கிலீஷ் பிரதியில் முன்னாள் மகாராஜா என்று எழுதினார். ஆபீஸில் கிடக்கிற மலையாளப் பிரதியில் நாடு நீங்கி என்று எழுதினார். ஆக, இங்கிலீஷில் பதவி போனவர், மலையாளத்தில் உயிர் போனவர், தமிழில் வெறுமனே ஊர் மாறியவர். துரைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது. சாம்ராஜ்யம் இப்படித்தான் நடக்கிறது. சூரியன் அஸ்தமிக்காததில் ஆச்சரியம் இல்லை, எந்தப் பிரதியைப் பார்த்து அஸ்தமிப்பது?

ஊர் திரும்ப நானும் அதே ரயில் ஏறினேன். ராணியம்மாவுக்கு நானே துணை. ஸ்டேஷனுக்கு மகாராஜா வந்திருந்தார். தகரப்பெட்டியைச் சேனாபதி ஒரு பக்கமும் மகாராஜா ஒரு பக்கமுமாகப் பிடித்து ஏற்றினார்கள். பழக்கமில்லாததால் அவர் விரலை நசுக்கிக்கொண்டார். சாமான் வண்டிக்காரன் ஒருவன், "மாறு, மாறு" என்று அவரை ஒதுக்கிவிட்டுப் போனான்.

ஜன்னலருகே வந்து, "வள்ளியிடம் நான் கேட்டதாகச் சொல்" என்றார். மகாராஜாவுக்கு 'நாம்' பிசகினதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ராணியம்மா தலையாட்டினார். வண்டி நகர்ந்தது. அவர் பிளாட்பாரத்தில், நசுங்கின விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு ஸ்டேஷனில் காப்பி வாங்கிக்கொண்டு பெண்கள் வண்டிக்குப் போனேன். ராணியம்மா மருந்து ஜாடியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குழந்தை பிறந்ததும் செம்பாறையிலேயே இருந்துவிடுவீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"பிள்ளைக்குத் தலை நின்னதும் வந்துருவேன், தம்பி. காயிதத்துல அவுக எப்படி எழுதிக்கிட்டாலும், அந்த மனுசன் உயிரோடல்லா இருக்காரு."